சுண்ணாம்பு வேலை மேஸ்திரி குழு: தாத்தா வீட்டை ஒப்படைத்த அனுபவம்

ஆற்காடு, வாலாஜா பக்கம் பூட்டிக் கிடக்கும் பழைய வீட்டை இடிப்பதா வைத்துக்கொள்வதா என்று குழம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீடு காவேரிப்பாக்கம் பக்கம். பத்திரத்தில் இன்னும் வட ஆற்காடு மாவட்டம் என்றுதான் இருக்கிறது, 2019-லிருந்து ராணிப்பேட்டை. பாட்டி போன பிறகு யாரும் குடியில்லாமல், மாடிக் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று வேர்விட்டு, உத்திரத்தில் கரையான் ஏறி, முற்றத்தில் எருக்கஞ்செடி இடுப்பளவு வளர்ந்துவிட்டது. 2021 நவம்பர் மழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் இறந்ததிலிருந்து அம்மாவுக்குப் பயம், இடித்துவிடலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்கு முன் சுண்ணாம்பு வேலைக் குழு ஒன்றைக் கூப்பிட்டுக் காட்டினோம். வந்த மேஸ்திரி முதலில் விலை பேசவில்லை. சுவரைச் சுத்தியால் தட்டித் தட்டிப் பார்த்தார். எப்போதோ ஒரு ஒப்பந்தக்காரர் வெளிப்புறம் முழுக்கச் சிமென்ட் பூசிவிட்டுப் போயிருந்தார். "இத மொதல்ல கொத்தி எடுக்கணும் சார், இல்லன்னா நாங்க கலவையத் தொடமாட்டோம்" என்றார். காரணமும் சொன்னார். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுத்து வெளியே விடும், மேலே சிமென்ட் அடைத்துக்கொண்டால் ஈரம் உள்ளேயே தங்கி உப்புப் பூத்துச் செங்கல் பொடியும். கொத்தி எடுத்தபோது பல இடத்தில் செங்கல் மாவாகவே உதிர்ந்தது, நம்பாமல் வேறு வழியில்லை.

கலவைதான் இவர்களுடைய பெரிய பலம். சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி, நன்றாக ஊறவிட்டு, சலித்து, இடித்த கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீர் விட்டு அரைக்கிறார்கள். புளித்த வாடை தெருமுனை வரை வரும், அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துத்தான் மெல்ல மெல்ல இறுகும், அதனால் ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவே காத்திருக்கத்தான் வேண்டும். அவசரப்படுத்தினால் வெடிக்கும்.

மாடி மெட்ராஸ் டெரஸ். தேக்குச் சட்டங்களின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்தாக, மூலைவாட்டில் அடுக்கிய வகை. சுவருக்குள் புதைந்திருந்த உத்திர முனைகள்தான் மக்கியிருந்தன, நடுப்பகுதி இரும்பு மாதிரி இருந்தது. முழுவதையும் மாற்றச் சொல்லிக் காசு பார்த்திருக்கலாம், அவர்கள் அப்படிச் செய்யவில்லை. கெட்ட முனையை மட்டும் அறுத்து, பழைய தேக்கு வாங்கிவந்து ஒட்டுப்போட்டார்கள். அப்புறம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டித் தட்டி இறுக்கினார்கள், மேலே தட்டை ஓடு பதித்தார்கள். இந்த மழைக்கு ஒரு சொட்டு ஒழுகவில்லை.

குறை உண்டு. சொன்ன தேதியில் முடிக்க மாட்டார்கள், முகூர்த்த நாள் வந்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள், கொத்திப்போட்ட குப்பையை நாம்தான் ஆள் வைத்து அள்ள வேண்டும். சிமென்ட் பூச்சைவிடக் கூலி கணிசமாக அதிகம், ஏனென்றால் எல்லாமே கைவேலை. வயரிங், குழாய் வேலையில் இவர்களுக்கு அக்கறை கிடையாது, அதற்குத் தனி ஆள் பாருங்கள், அதுவும் பூச்சுக்கு முன்னாலேயே.

தையில் ஆரம்பிப்பது நல்லது. அக்னி நட்சத்திர வெயிலில் பூச்சு சட்டென்று காய்ந்து விரிசல் விடும், சாக்கு நனைத்துப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். ஐப்பசிக்குள் மாடி வேலை முடிந்துவிட வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன் பின்பக்கச் சுவரில் ஒரு சின்ன இடத்தில் பூசிக் காட்டச் சொல்லுங்கள், முகம் சுளிக்காமல் செய்வார்கள்.