நிலாவெளியில் எங்களிடம் யாரும் கேட்காத கேள்விகள்

என் தம்பியின் வலது செவிப்பறைக்குப் பின்னால் இரத்தம் கட்டியிருக்கிறது என்று கொழும்பில் காது வைத்தியர் சொன்னபோது, அவன் கேட்டது ஒன்றுதான்: "இன்றிரவு பிளேன் ஏறலாமா?" ஏறவே கூடாது என்றார் வைத்தியர். டொரொண்டோ டிக்கெட்டை மாற்றிய செலவையும் வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளத்தையும் ஒருவாறு தாங்கிக்கொள்ளலாம். முந்தைய நாள் கடலுக்குள் மூழ்க இறங்கும்முன் "தடிமன் இருக்கிறதா?" என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது என்பதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக்கோ உப்புவெளிக்கோ போகத் திட்டமிட்டிருப்பவர்கள் முற்பணம் கட்டும்முன் இதை வாசியுங்கள்.

தம்பி ஒன்பது வருடங்களுக்குப் பிறகு ஊருக்கு வந்திருந்தான். சின்ன வயதில் அப்பா எங்களைத் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போய், போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் தூண்கள் கோயில் நிற்கும் இந்தச் சுவாமி மலையடிக் கடலுக்குள் கிடக்கின்றன என்று காட்டுவார். 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் அங்கே மூழ்கி இடிபாடுகளைக் கண்ட கதையையும் சொல்வார். அந்தத் தூண்களைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது தம்பியின் நெடுநாள் ஆசை. அதனால் ஆடி மாதக் கடைசியில் அவன், நான், என் கணவர், பன்னிரண்டு வயது மகன் என்று நான்கு பேராக வவுனியாவிலிருந்து புறப்பட்டோம். இரண்டு இரவு, ஒரு முழு நாள். மூன்றாம் நாள் இரவு பத்து மணிக்குத் தம்பிக்குக் கட்டுநாயக்காவில் பிளேன்.

ஏற்பாட்டாளரைத் தொலைபேசியில் பிடித்தோம். நல்ல தமிழ், நல்ல பணிவு. விடிகாலையில் திமிங்கலம், பிறகு புறாத்தீவில் முருகைக்கல் (பவளப்பாறை) பார்ப்பது, பின்னேரம் சுவாமி மலையடியில் ஆண்கள் இருவருக்கும் காற்றுச் சிலிண்டரோடு ஆழ்கடல் மூழ்கல், மறுநாள் காலை இன்னொரு தடவை. எல்லாம் சேர்த்து 96,000 ரூபாய், முற்பணம் 40,000. திமிங்கலம் நிச்சயம், காணாவிட்டால் அதற்கான பணத்தில் பாதி திரும்ப வரும் என்றார். மறுநாள் இரவு பிளேன் என்று தம்பி சொன்னதற்கு, "அண்ணா, யோசிக்காதீர்கள், எத்தனையோ வெள்ளைக்காரர் அப்படித்தான் போகிறார்கள்" என்றார். பணத்தை அனுப்பினோம். பற்றுச்சீட்டு நேரில் தருவதாகச் சொன்னார். அது இன்றுவரை வரவில்லை.

விடிகாலை ஐந்தரைக்கு வரவேண்டிய வள்ளம் ஏழே முக்காலுக்கு வந்தது. திருகோணமலையில் கரைக்கு மிக அருகிலேயே கடல் பள்ளத்தாக்காக இறங்கி ஆழமாகிவிடுகிறது. அதனால்தான் நீலத் திமிங்கலமும் எண்ணெய்த் திமிங்கலமும் அங்கே கரையை ஒட்டி வருகின்றன. ஆனால் கடலில் எந்த உயிருக்கும் யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. அப்படிக் கொடுப்பவரிடம் நம்பிக்கை வைத்தது எங்கள் பிழை. திமிங்கலம் காணவில்லை. டொல்பின் கூட்டம் ஒன்று வந்தது, குட்டிகளோடு. பார்த்த மாத்திரத்தில் ஐந்து வள்ளங்கள் நாலாபுறமும் முடுக்கிக்கொண்டு போய் அவற்றைச் சுற்றி வளைத்தன. எங்கள் வள்ளமும் அதில் ஒன்று. இவ்வளவு நெருங்கக் கூடாது என்று விதி இருக்கிறதே என்று என் கணவர் சொன்னதற்கு, ஓட்டியவர் சிரித்துவிட்டு இன்னும் நெருக்கினார். கூட்டம் மூன்று முறை திசை மாறியது. ஒரு குட்டி பின்தங்கிப் போனதை என் மகன் பார்த்துவிட்டு, "அம்மா, திரும்பிப் போவோம்" என்றான். கைத்தொலைபேசியில் படம் எடுப்பதை நான் அப்போதுதான் நிறுத்தினேன்.

புறாத்தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். 2003 முதல் அது தேசியப் பூங்கா. கரையிலேயே வனஜீவராசிகள் திணைக்களத்தின் கருமபீடம் இருக்கிறது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவருக்குக் கட்டணம் எங்களுடையதைப் போலப் பல மடங்கு. ஏற்பாட்டாளரின் ஆள் எங்களிடம் பணத்தை வாங்கிக்கொண்டு, "நீங்கள் வெயிலில் நிற்க வேண்டாம், வள்ளத்தில் ஏறுங்கள்" என்று தானே வரிசையில் போனார். தீவில் இறங்கியதும் அதிகாரி ஒருவர் அனுமதிச்சீட்டைப் பார்த்தார். நான்கும் உள்ளூர்ச் சீட்டு. தம்பியை விசாரித்தார், கனடாக் கடவுச்சீட்டு என்று அவன் உண்மையைச் சொன்னான். நாங்கள் கள்ளத்தனம் செய்தவர்கள் போல எல்லோர் முன்னாலும் நிற்க வேண்டியதாயிற்று. அதிகாரி கடமையைச் செய்தார், அவர்மேல் குறையில்லை. மீதித் தொகையைத் தம்பி இரண்டாம் முறை கட்டினான். தயவுசெய்து கருமபீடத்துக்கு நீங்களே போங்கள், சீட்டை நீங்களே கையில் வைத்திருங்கள்.

தண்ணீருக்குள் நடந்ததைச் சொல்லத்தான் எனக்கு மனம் பதறுகிறது. என் மகனுக்கு நீச்சல் தெரியாது. தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. கொடுத்த உயிர்காப்பு அங்கியில் கொளுவி உடைந்திருந்தது, கயிற்றால் கட்டிவிட்டார்கள். முகமூடிக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. கூட வந்த இளைஞர் களைத்தபோதெல்லாம் முருகைக்கல்லின்மேல் ஏறி நின்றார், மகனையும் "இதில் கால் வை தம்பி" என்றார். கிளை கிளையாக வளர்ந்த அந்த உயிர் அவர் காலடியில் முறிந்த சத்தம் தண்ணீருக்குள் எனக்குக் கேட்டது. சட்டைப்பையிலிருந்து பாணைப் பிய்த்து மீன்களுக்கு எறிந்தார். பாண் தின்னப் பழகிய மீன், கல்லில் பாசியை மேய்வதை விட்டுவிடும். பாசி மூடினால் முருகைக்கல் செத்துப்போகும்.

அத்தனைக்கும் நடுவில் ஒரு நிமிடம் கிடைத்தது. துடுப்பு நுனி கறுத்த சுறா ஒன்று, என் கை நீளத்தை விடச் சற்றுப் பெரியது, எங்களைத் தாண்டி நிதானமாகப் போனது. மகன் என் விரலை இறுகப் பிடித்துக்கொண்டான். அவனுக்குப் பயமில்லை என்று பிறகு சொன்னான். அந்தக் கடல் அவ்வளவு அழகானது. அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

பின்னேரம் மூன்று மணிக்கு மூழ்கல். மத்தியானத்துக்குப் பிறகு காற்று ஏறிவிட்டது. சுவாமி மலைக்குப் போக முடியாது, நீரோட்டம் என்று உப்புவெளிக்கு அப்பால் ஓரிடத்தில் நங்கூரமிட்டார்கள். அது சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனால் முதல் தடவை இறங்குபவர்களுக்குச் சுவாமி மலையைச் சொல்லி ஏன் பணம் வாங்கினார்கள்?

முதல் தடவை மூழ்குபவரிடம் உடல்நிலைப் படிவம் ஒன்று நிரப்பி வாங்க வேண்டும். தொய்வு, இருதய வருத்தம், காது, வலிப்பு, அண்மையில் வந்த தடிமன் எல்லாம் அதில் கேட்கப்படும். எங்களுக்கு ஒரு தாளும் நீட்டப்படவில்லை. என் கணவருக்குச் சின்ன வயதில் தொய்வு இருந்தது. தம்பி பிளேன் குளிரில் பிடித்த தடிமனோடு இருந்தான். கரையோரத் தண்ணீரில் நின்று மூச்சுவிடவும் முகமூடித் தண்ணீரை வெளியேற்றவும் பழக்க வேண்டும். அதற்குப் பதில் வள்ளத்தில் வைத்தே ஐந்து நிமிடம் கையசைவுகளைக் காட்டினார்கள். இருவருக்கும் ஒரே பயிற்றுநர். தகுதி அட்டையைக் கேட்டதற்கு, "அறையில் இருக்கிறது அக்கா" என்றார்.

பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப் போல இரண்டு மடங்கு. அதிலும் முதல் சில மீட்டரில்தான் காதுக்குச் சோதனை. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, காதுக்குள் அழுத்தத்தைச் சமப்படுத்திக்கொண்டே இறங்க வேண்டும். தடிமன் உள்ளவருக்கு மூக்கிலிருந்து காதுக்குக் காற்றுப் போகும் அந்த வழி அடைத்திருக்கும். வலித்தால் நிற்க வேண்டும், கொஞ்சம் மேலே வர வேண்டும். தம்பி காதைத் தொட்டுக் காட்டினான். பயிற்றுநர் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து "சரி" என்று காட்டி, அவன் தோள்பட்டியைப் பிடித்துக் கீழே இழுத்தார். நாற்பது நிமிடம் என்றது பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. மேலே வந்தவன் முகமூடிக்குள் மூக்கிலிருந்து இரத்தம்.

"முதல் தடவை எல்லோருக்கும் வரும், நாளைக்குச் சரியாகிவிடும்" என்றார் ஏற்பாட்டாளர். மறுநாள் காலை ஏழு மணிக்கு வள்ளத்தோடு வந்து நின்றார். தம்பி போகவில்லை. போயிருந்தால், இரண்டு நாட்களில் இரண்டு தடவை மூழ்கிய பிறகு குறைந்தது பதினெட்டு மணித்தியாலம் பிளேன் ஏறக் கூடாது என்ற விதியை மீறி, பதினைந்து மணித்தியாலத்துக்குள்ளேயே ஏறியிருப்பான். இதைக் கொழும்பில் வைத்தியர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். பிளேன் எத்தனை மணிக்கு என்று நாங்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது பேச்சின் தொனி மாறியது. டொல்பினைப் பார்த்தோம்தானே, அதுவும் திமிங்கல இனம்தான் என்றார். பிறகு அழைப்பை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

நிலாவெளியில் எல்லோரும் இப்படியல்ல. மூன்றாம் நாள் காலை கரைவலை இழுத்துக்கொண்டிருந்த வயதான ஒருவரிடம் என் கணவர் பேச்சுக் கொடுத்தார். தன் மகனும் வெளிநாட்டவரை மூழ்கக் கூட்டிப்போகிறான் என்றார் அவர். "தடிமன்காரனை அவன் வள்ளத்திலேயே ஏற்றமாட்டான் தம்பி. காசு போனால் போகட்டும் என்று திருப்பி அனுப்பிவிடுவான்." அப்படிப்பட்டவரை நாங்கள் தேடவில்லை, தொலைபேசியில் குறைந்த விலையைத் தேடினோம். ஆகவே நீங்கள் விசாரிக்கும்போது, எதிர்முனையில் இருப்பவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். நீச்சல் தெரியுமா, நோய் உண்டா, மருந்து குடிக்கிறீர்களா, எப்போது பிளேன் என்று கேட்காமல் கணக்கு இலக்கத்தை மட்டும் அனுப்புபவருக்குப் பணம் போடாதீர்கள். சுற்றுலா அதிகார சபையின் பதிவு இருக்கிறதா, பயிற்றுநரின் அட்டை இலக்கம் என்ன என்று கேளுங்கள். அந்த இலக்கத்தைப் பயிற்சி நிறுவனத்தின் இணையத்தளத்தில் சரிபார்க்க முடியும்.

சுற்றுலாப் பொலிஸில் முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறோம். வங்கிக்குப் பணம் அனுப்பிய சான்று, அனுமதிச்சீட்டுகள், வைத்தியரின் அறிக்கை எல்லாவற்றையும் இணைத்தோம். பற்றுச்சீட்டு இல்லாதது பெரிய குறை என்றார்கள். சுற்றுலாத் துறையின் 1912 இலக்கத்துக்கும் அறிவித்தோம். தம்பி பதினாறு நாள் கழித்துப் புறப்பட்டான். வலது காதில் இன்னும் இரைச்சல் இருக்கிறது என்று நேற்று அழைத்துச் சொன்னான்.