டெயில்போர்டா, ஃபீல்டா? இரண்டு பழைய மரக் கேமராக்கள்

டெயில்போர்டு கேமராவில் லென்ஸ் பலகை நிலையாக நிற்கும். ஃபோகஸுக்கு, படம் விழும் பின்பலகைதான் நகரும். பழைய புகைப்படத்தை நகலெடுக்க இதற்கு ஈடில்லை. லென்ஸுக்கும் நகலெடுக்கும் படத்துக்கும் உள்ள தூரம் மாறுவதில்லை. தூக்கத்தான் கனம்.

1882இல் லண்டன் கேமரா தயாரிப்பாளர் ஜார்ஜ் ஹேர் காப்புரிமை பெற்ற வடிவத்தில் முன்பக்கம் நகர்ந்தது. வெளியே தூக்கிச் செல்வதற்கான, பின்வந்த ஃபீல்டு கேமராக்கள் அதையே பின்பற்றின. கூம்புத் துருத்தி (லென்ஸ் பலகையையும் பின்பலகையையும் இணைக்கும் மடிப்புத் தோலுறை), தட்டையாக மடியும் உடல். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் கோபுரத்தை எடுக்க ஃபீல்டு கேமராவைத்தான் சொல்வேன். கேமராவை அண்ணாந்து வைத்தால் உச்சி குறுகிவிடும். உடலை மட்டமாக நிறுத்தி, லென்ஸ் பலகையை மட்டும் உயர்த்துங்கள். 1895இல் ஆங்கிலேயரான ஃபிரெடெரிக் சாண்டர்சன் காப்புரிமை பெற்ற, நீள்துளையிட்ட பக்கச் சட்டங்கள் இந்த ஏற்றத்தை வெகுவாகக் கூட்டின. ஒரு குறை: அகலக் கோண லென்ஸில் அடிப்பலகையே படத்தில் விழும். டெயில்போர்டில் அந்தத் தொல்லை இல்லை.

வாங்குமுன் இருட்டறையில் துருத்திக்குள் டார்ச் அடித்து, மடிப்பு மூலைகளைப் பாருங்கள். அங்கேதான் தோல் முதலில் வெடிக்கும். 8 அங்குலக் குவியத் தூரமுள்ள லென்ஸில் அசல் அளவில் நகலெடுக்கத் துருத்தி 16 அங்குலம் நீள வேண்டும். ஐப்பசி மழையில் மரம் உப்பிச் சட்டம் இறுகினால் எண்ணெய் விடாதீர்கள், அது மரத்தில் ஊறித் தூசி பிடிக்கும். மெழுகு தேயுங்கள்.