340 பவுண்டு போச்சு: மினியேச்சர் பொம்மைக்குப் பெயிண்ட் அடித்துத் தரச் சொல்லி ஆர்டர் கொடுக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

பெயிண்ட் அடித்துத் தரச் சொல்லி ஆன்லைனில் ஒரு ஆளிடம் பொம்மைச் சிப்பாய்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை மதியம் பார்சல் வந்தது. இன்று வெள்ளி. இந்த மூன்று நாளில் அந்த ஆளுக்குப் பதினோரு மெசேஜ் அனுப்பிவிட்டேன். நேற்று ராத்திரி என்னை பிளாக் செய்துவிட்டான். 340 பவுண்டு, முழுசாகப் போய்விட்டது. கை நடுங்குகிறது, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லண்டனில் நாங்கள் எட்டுப் பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்து வார்கேம், அதாவது மேஜை மேல் சின்னப் பொம்மைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு, ஆடுகிறோம். போர்க்களம் ஆடி ஆடிச் சலித்துப் போய், இந்த முறை நகரக் கலவரம் ஒன்றை ஆடலாம் என்று நான்தான் சொன்னேன். 1780 ஜூன், இதே ஊரில் நடந்த கோர்டன் கலவரம். கத்தோலிக்கர்கள் மேல் இருந்த சில தடைகளைத் தளர்த்தி 1778-ல் ஒரு சட்டம் வந்தது. அதை ரத்து செய்யச் சொல்லி ஜூன் 2-ம் தேதி லார்டு ஜார்ஜ் கோர்டன் என்ற எம்.பி. பெருங்கூட்டத்தோடு நாடாளுமன்றத்துக்குப் போனார். கூட்டத்தில் வந்தவர்கள் தொப்பியில் நீல ரிப்பன் பூ குத்தியிருந்தார்கள். மனு கொடுக்கப் போனது கலவரமானது. 6-ம் தேதி நியூகேட் சிறையைக் கொளுத்திக் கைதிகளை வெளியே விட்டார்கள். 7-ம் தேதி ராத்திரி ஹோல்போர்னில் லாங்டேல் என்ற கத்தோலிக்கரின் சாராய ஆலை எரிந்தது, பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் மேலும் பாய்ந்தார்கள். ராணுவம் சுட்டதில் 285 பேர் செத்ததாகக் கணக்கு. நான் வேலைக்குப் போகிற வழி ஹோல்போர்ன்தான். அந்தத் தெருவை மேஜை மேல் சரியாக வைக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

இதில் பொம்மை தேர்ந்தெடுப்பதே பெரிய வேலை. முதல் நாட்களில் சிப்பாய்கள் வந்து நின்றார்களே தவிரச் சுடவில்லை. மாஜிஸ்திரேட் வந்து கலகச் சட்டத்தை வாசித்துக் காட்ட வேண்டும், அதற்கப்புறம் ஒரு மணி நேரம் கெடு, அது வரைக்கும் கை வைக்கக் கூடாது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். வாசிக்கிற மாஜிஸ்திரேட்டுக்கோ தன் வீட்டைக் கொளுத்திவிடுவார்களோ என்று பயம். அதனால் இந்த ஆட்டத்துக்குத் தோளில் துப்பாக்கியைச் சாய்த்துக்கொண்டு சும்மா நிற்கிற சிப்பாய்தான் வேண்டும். கடையில் கிடைப்பதெல்லாம் அதே வருஷங்களில் நடந்த அமெரிக்கப் போருக்கான செட். ஓடுகிறவன், குறிபார்க்கிறவன், முதுகில் மூட்டை, காட்டில் நடப்பதற்காக வாலை வெட்டிக் குட்டையாக்கிய கோட்டு. லண்டனில் காவல் நின்ற ஃபுட் கார்ட்ஸ் என்ற அரசரின் காவல் காலாட்படை முழு உடுப்பில் நின்றவர்கள். நீல மடிப்பு வைத்த சிவப்புக் கோட்டு, ஓரம் மடித்த தொப்பி, முதுகு காலி. கூட்டத்துக்கும் அப்படித்தான். ஆயுதம் இல்லாத ஆள் வேண்டும். தோல் ஏப்ரன் கட்டின பையன், பெண்கள், தீப்பந்தம் பிடித்தவன், யார் வீட்டு நாற்காலியையோ தெருவுக்குத் தூக்கி வருகிறவன்.

இவ்வளவையும் தேடி வாங்கிப் பெயிண்ட் அடிக்க எனக்கு நேரமில்லை. வாங்கி விற்கிற ஒரு ஆன்லைன் தளத்தில் இந்த ஆளைப் பார்த்தேன். பொம்மையும் அவனே வாங்கி, பெயிண்டும் அடித்து அனுப்புவானாம். 28 மி.மீ. அளவு, உலோகப் பொம்மை. 24 சிப்பாய், 36 பொதுமக்கள். எல்லாம் சேர்த்துக் கடைசியில் ஆனது 340 பவுண்டு.

நான் விழுந்த இடத்தைச் சொல்கிறேன். விலை பேசும்போது அவனே கேட்டான்: "கோல்ட்ஸ்ட்ரீம் ரெஜிமென்ட்டா வேணும்? அவங்க கோட்டில் பொத்தான் ரெண்டு ரெண்டா இருக்கும், தெரியுமில்ல? அப்படியே அடிச்சிடறேன்." உண்மைதான். ஃபுட் கார்ட்ஸில் முதல் ரெஜிமென்ட்டுக்குப் பொத்தான் ஒவ்வொன்றாக, கோல்ட்ஸ்ட்ரீமுக்கு ஜோடி ஜோடியாக, மூன்றாவதுக்கு மும்மூன்றாக. அரிசி அளவு பொத்தானைப் பற்றி இவ்வளவு தெரிந்தவன் ஏமாற்றுவானா என்று நினைத்தேன். கூடவே ஒரு போட்டோ அனுப்பினான். செங்கல் வளைவு வாசலின் கீழே கரடித்தோல் தொப்பி போட்ட ஒரு கிரெனேடியர் சிப்பாய்ப் பொம்மை. அது நிற்கிற அடித்தட்டின் ஓரம் லேசாகப் பெயர்ந்திருந்தது. முகத்தில் கன்னச் சிவப்பு கூடத் தெரிந்தது. ராத்திரி பத்து தடவையாவது அந்தப் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்திருப்பேன்.

முன்பணம் 200. "தளம் வழியா அனுப்பினா கமிஷன் பிடிக்கிறாங்க, நண்பர்களுக்கு அனுப்பற மாதிரி அனுப்பிடுங்க, உங்களுக்குத்தான் பத்து பவுண்டு குறைச்சுத் தரேன்" என்றான். அனுப்பினேன். ஏப்ரலில் "முடிஞ்சது, பேக் பண்ணணும்" என்று சொல்லி மீதி 140 வாங்கினான். அதையும் அப்படியேதான் அனுப்பினேன். 200-ம் 140-ம் 340.

பெட்டியைத் திறந்ததுமே என் மனைவி, "என்னங்க இது, இப்படி நாறுது?" என்றாள். உலோகம் இல்லை. சரியாகக் காயாத ரெசின், ஒரு வகைப் பிளாஸ்டிக். தொட்டால் பிசுபிசு. கசக்கின பேப்பருக்குள் சுருட்டி வைத்ததில் ஒன்பது பேருக்குத் துப்பாக்கி முனை உடைந்திருந்தது. ஒருவனைக் கையில் எடுத்து நிமிர்த்திப் பார்க்கிறேன், தலையில் உயரமான குழாய்த் தொப்பி. அது நெப்போலியன் போர்க்காலத் தொப்பி. 1780-ல் அது கிடையவே கிடையாது. குட்டை ஜாக்கெட், முதுகில் மூட்டை. பொத்தான் ஜோடியாவது, ஒற்றையாவது, பொத்தானே அடிக்கவில்லை, மேலே ஒரு வெள்ளைக் கோடு. பொதுமக்கள் 36 பேரில் பாதிக்கு மேல் முக்காடு போட்ட மத்தியகாலக் குடியானவர்கள், கையில் வைக்கோல் கவை. நீல ரிப்பன் ஒருவன் தலையிலும் இல்லை.

சிவப்புக் கோட்டு மேல் நகத்தை வைத்து லேசாகக் கீறினேன். அவித்த முட்டை ஓடு மாதிரி மொத்தமாக உரிந்து வந்துவிட்டது. சோப்புத் தண்ணீரில் கழுவவில்லை, பெயிண்ட் ஒட்டுவதற்கு முதலில் அடிக்கிற பிரைமர் பூச்சு அடிக்கவில்லை, நேராகப் பெயிண்ட்டை அப்பியிருக்கிறான். இது இந்தப் பொழுதுபோக்குக்கு நேற்று வந்த பையனுக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

முதல் பதில்: "கூரியர்காரன் போட்டு உடைச்சிருப்பான்." தொப்பி எப்படி மாறியது என்று கேட்டேன். "தூரத்துல இருந்து பார்த்தா தெரியாது." உலோகம் என்றீர்களே? "இப்ப எல்லாரும் ரெசின்தான் சார் விரும்பறாங்க." பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். குழந்தைக்கு உடம்பு சரியில்லை, திங்கட்கிழமை பேசுகிறேன் என்றான். அன்று சாயங்காலமே அதே தளத்தில் புது விளம்பரம் போட்டிருந்தான். அதைச் சுட்டிக் கேட்டதும் பிளாக்.

தளத்தில் புகார் கொடுத்தேன். பணம் எங்கள் வழியாக வரவில்லை, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்று ரெடிமேட் பதில். பணம் அனுப்பின ஆப்பிலும் அதேதான், நண்பருக்கு அனுப்பியது என்று நீங்களே தேர்வு செய்திருக்கிறீர்கள், அதற்குப் பாதுகாப்பு கிடையாது. பேங்கில் நாற்பது நிமிஷம் காத்திருந்தேன். பேசிய அம்மா மரியாதையாகத்தான் பேசினார், குறித்துக்கொண்டார், பார்க்கிறோம் என்றார். 340 பவுண்டுக்கு என் கையில் இருப்பது ஒரு புகார் எண்.

இன்னொன்று. அந்த கிரெனேடியர் போட்டோவை நேற்று எங்கள் குழுத் தம்பி ஒருவன் தேடிப் பார்த்தான். "அண்ணா, இது வேற ஒருத்தர் அடிச்சது, பல வருஷமா நெட்ல இருக்கு" என்று லிங்க் அனுப்பினான். இதை நான் முன்னாடியே செய்திருக்கலாம், இரண்டு நிமிஷ வேலை.

எப்படித் தேர்வு செய்வது, எப்படிப் பெயிண்ட் அடிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இவ்வளவு மட்டும்: யார் கேட்டாலும் நண்பர்களுக்கு அனுப்பும் முறையில் பணம் அனுப்பாதீர்கள். 100 பவுண்டுக்கு மேல் என்றால் நேராக கிரெடிட் கார்டிலேயே கட்டுங்கள், இந்த நாட்டுச் சட்டத்தில் கார்டு கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு. பெயிண்ட் அடிக்கும் முன் பொம்மையை முன்னும் பின்னும் படம் எடுத்து, பக்கத்தில் அன்றைய தேதி எழுதின சீட்டு வைத்து அனுப்பச் சொல்லுங்கள். தொப்பியையும் முதுகையும் பாருங்கள். ஒரே ஒரு பொம்மையை முதலில் வரவழைத்து நகத்தால் கீறிப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை ரத்து செய்துவிட்டேன். ஏழு பேருக்கும் தனித்தனியாகப் போன் செய்து சொன்னேன்.

செங்கல் வளைவின் கீழே ஓரம் பெயர்ந்த அடித்தட்டில் நிற்கிற கிரெனேடியர் படத்தைக் காட்டி, பொத்தானைப் பற்றி உங்களிடம் யாராவது பேச்சை ஆரம்பித்தால், அது அந்த ஆள்தான். ஒரு பவுண்டு கூடக் கொடுக்காதீர்கள்.