துகளின் தடத்தைப் பிடிக்க எந்தக் குழாய்?

மின்னூட்டம் கொண்ட துகள் வாயுவுக்குள் புகுந்தால், போகும் வழியெல்லாம் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் போகும். அங்கே உயர் மின்னழுத்தம் கொடுத்தால் அந்தச் சில எலக்ட்ரான்கள் பல்கிப் பெருகி மின்னிறக்கமாகிவிடும்.

1928இல் வந்த கைகர்-முல்லர் குழாய், துகள் வந்ததைச் சொல்லும். எங்கே, எந்தக் கோணத்தில் என்று சொல்லாது. எண்ணுவதற்குச் சரி, தடம் பார்க்க இது மட்டும் போதாது.

எனக்குப் பிடித்தது நியான் ஒளிர்குழாய். நியான் அடைத்து மூடிய கண்ணாடிக் குழாய், அவ்வளவுதான். உள்ளே கம்பிகூடக் கிடையாது. நூற்றுக்கணக்கில் அடுக்கி, வெளியே உலோகத் தகடுகள் வைப்பார்கள். துகள் பட்டால் மினுங்கும் பிளாஸ்டிக் பலகைகள் தகவல் சொன்னதும், தகடுகளுக்கு ஒரு கணம் உயர் மின்னழுத்தம் பாயும். துகள் கடந்த குழாய்கள் மட்டும் ஒளிரும்; கேமரா படமெடுக்கும். குழாய் முழு நீளத்துக்கும் ஒளிர்வதால், நீளவாக்கில் எந்த இடம் என்பது தெரியாது. அப்புறம், ஒருமுறை ஒளிர்ந்தால் மீளவும் நேரமெடுக்கும்.

ஆனால் கோலார் தங்கவயலில் அந்த மந்தம் ஒரு குறையே இல்லை. தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் உழைத்த அந்தச் சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் கீழே துகள் வருவதே அபூர்வம். மேலே வளிமண்டலத்திலிருந்து வரும் மியூவான்கள் (எலக்ட்ரானின் கனமான உறவுத் துகள்கள்) ஏறத்தாழச் செங்குத்தாகத்தான் இறங்கும். பக்கவாட்டில் ஒன்று வந்தால், பாறைக்குள் நியூட்ரினோ (எதனோடும் எளிதில் மோதாத, மின்னூட்டமற்ற துகள்) மோதிப் பிறந்தது என்று பொருள். ஆக, கோணம்தான் முக்கியம். 1965இல் இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் குழு வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை அங்கே கண்டறிய, இந்தக் குழாய்கள் காட்டிய தடங்கள் உதவின.

தீப்பொறி அறையில் தகடுகளுக்கு இடையே துகளின் வழியிலேயே பொறி பறக்கும். 1962இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் மியூவான் நியூட்ரினோ என்ற தனி வகையைக் காட்டியது அதுதான். அதற்கும் ஒவ்வொரு பொறிக்குப் பிறகும் ஓய்வு வேண்டும்.

துகள்களுக்கு வேகமூட்டும் முடுக்கியில் கூட்டமாக வரும் துகள்களுக்கு 1968இல் ஐரோப்பிய ஆய்வகமான செர்னில் ஜார்ஜ் சார்பாக் உருவாக்கிய பலகம்பி அறையே சரி. சில மில்லிமீட்டர் இடைவெளியில் கம்பிகள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பெருக்கி. மின்னிறக்கம் வரை விடாமல் நிறுத்துவதால் மின்துடிப்பின் அளவு துகள் உண்டாக்கிய அயனிகளின் அளவையும் சொல்லும்; இதுதான் விகித முறை. 1980களில் புரோட்டான் தானாகச் சிதைகிறதா என்று தேடியபோது, கோலாரிலும் இதே விகித முறையில் இயங்கும் குழாய்களைத்தான் இரும்புத் தகடுகளுக்கு நடுவே அடுக்கினார்கள்.