வேலையிடத்துச் சிறுநீர் சோதனைக் கப்: எதற்குப் போதும், எதற்குப் போதாது

போதைப்பொருள் சோதனைக்காக நிறுவனங்கள் வாங்கும் பல பட்டைக் கப் (ஒவ்வொரு போதைப்பொருள் வகைக்கும் ஒரு பட்டை), ஐந்து நிமிடத்தில் முடிவு காட்டிவிடும். கருவியைக் குறை சொல்ல முடியாது. அதை வைத்து எடுக்கும் முடிவுகளில்தான் கோளாறு.

முதலில் சூடு. மாதிரி கொடுத்த 4 நிமிடத்துக்குள் கப்பின் வெப்பப் பட்டை 32 முதல் 38 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் தண்ணீர் கலந்திருக்கலாம், மாதிரியே மாற்றப்பட்டிருக்கலாம். அடுத்து கோடுகள். பட்டை சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் 'சி' கோடு விழவில்லையென்றால் சோதனை செல்லாது. போதைப்பொருளுக்கான 'டி' கோடு விழுந்தால் நெகட்டிவ், விழாவிட்டால் பாசிட்டிவ். கர்ப்பப் பரிசோதனைப் பட்டைக்கு இது நேர் எதிர் என்பதால் பழகாதவர்கள் தலைகீழாகப் படித்துவிடுகிறார்கள். 'டி' கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் நெகட்டிவ்தான். உறையில் சொன்ன நேரம் கடந்தபின் தெரிவதைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

பாசிட்டிவ் வந்தாலே குற்றம் என்றாகாது. மூக்கடைப்புக்குத் தரும் சூடோஎஃபெட்ரின், ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கப் போதைப்பொருளுக்கான பட்டையைக் குழப்பும். கசகசாவும் கோடீன் கலந்த இருமல் மருந்தும் ஓபியேட் (அபின் வகை) பட்டையில் தெரியும். கஞ்சாவின் எச்சம், வழக்கமாகப் புகைப்பவர் உடலில் வாரக்கணக்கில் தங்கும். அவர் வேலை நேரத்தில் போதையில் இருந்தாரா என்று இந்தக் கப்பால் சொல்லவே முடியாது.

கட்டாயப்படுத்தலாமா? சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். கிரேன் இயக்குபவர், பேருந்து ஓட்டுநர் போன்ற ஆபத்துள்ள வேலைகளுக்கு நியாயம் காட்டுவது எளிது. மேசை வேலைக்குக் கடினம். எந்த வேலைக்கு, எப்போது, எதற்குச் சோதனை என்பது முன்பே எழுத்தில் இருக்க வேண்டும், அந்த வேலையில் உள்ள எல்லோருக்கும் ஒரே விதியாக. மறுப்பவரிடமிருந்து பலவந்தமாக மாதிரி எடுக்கக் கூடாது. மறுத்ததற்கு என்ன நடவடிக்கை என்பது ஒப்பந்தத்தையும் சட்டத்தையும் பொறுத்தது. ஒப்புக்கொண்ட சோதனையைத் தாண்டி அதே மாதிரியில் கர்ப்பம் பார்ப்பது அப்பட்டமான அத்துமீறல். எச்ஐவி சோதனையை வேலைக்காகக் கேட்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2010ஆம் ஆண்டுப் பரிந்துரை தெளிவாகவே சொல்கிறது.

முதல் சல்லடையாக மட்டும் வாங்கலாம். ஆய்வக ஏற்பாடு இல்லாத நிறுவனம் வாங்கவே வேண்டாம். மாதிரியை ஊழியர் கண்முன்னே இரண்டு புட்டிகளாகப் பிரித்து, முத்திரையிட்டு, அவர் கையெழுத்து வாங்குங்கள். ஒன்று ஜிசி-எம்எஸ் என்ற துல்லியமான ஆய்வக உறுதிச் சோதனைக்கு, மற்றது அவர் மறுசோதனை கேட்டால் கொடுக்க. என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பதை மருத்துவர் மட்டும் கேட்கட்டும். மனிதவளப் பிரிவுக்கு இறுதி முடிவு மட்டும் போனால் போதும்.