காரைக்குடியில் விசேஷத்துக்குப் பலகாரம் வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளுக்கு வளைகாப்பு. செட்டிநாட்டுப் பலகாரம்தான் வைக்க வேண்டும் என்று மதுரையிலிருந்து காரைக்குடிக்கே நேரில் போய் வாங்கி வந்தோம். 7,450 ரூபாய். நேற்று ராத்திரி அத்தனை பலகாரமும் குப்பைக்குப் போனது.

போன வேலையோடு முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளையும் ஒரு சுற்று பார்த்தோம். எனாமல் தூக்குச்சட்டி, பீங்கான் ஜாடி என்று அக்கா கடை கடையாக நின்றுவிட்டாள். அதன் பிறகு கடைவீதிக்கு வந்து, ஒரு பலகாரக் கடையில் ஏறினோம். எந்தத் தெரு என்று எழுதவில்லை. ஒழுங்காகத் தொழில் செய்யும் பத்துப் பேருக்குச் சேர்த்துப் பழி வரும்.

வாசலிலேயே அடுப்பு. வயதான ஒரு ஆச்சி, அச்சில் பிழிந்த சீப்புச்சீடை மாவை விரலில் சுருட்டி, ஓரத்தை ஒட்டி, எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தார். தேங்காய்ப்பால் வாசம் ஆளைத் தூக்கியது. கடைக்காரர் சட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு ஒன்றை உடைத்துக் கையில் வைத்தார். “முதல்ல வாயில போடுங்க தம்பி. பிடிச்சாத்தான் வியாபாரம். எங்க அப்பத்தா பக்குவம் இது.” மணகோலமும் கொடுத்தார். பாகு பதமாக, தேங்காய்ப்பல் மொறுமொறுவென்று இருந்தது. அக்கா அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள்.

“உள்ளே டின்ல அடைக்கிறாங்க, உட்காருங்க” என்று மோர் வேறு கொடுத்தார். ஒரு டின்னின் மூடியைத் திறந்து காட்டினார். மேலே எல்லாம் பொன்னிறம். “அடிக்கடி திறந்தா நமுத்துப் போயிடும், வீட்ல போய்ப் பிரிங்க” என்று டேப் ஒட்டிக் கொடுத்தார். போனில் 7,450 ரூபாய் அனுப்பினேன். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் மொத்தத் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் பிரித்தால் மேல் வரிசை மட்டும்தான் புதுசு. அதன் கீழே ஒரு பட்டர் பேப்பர். அதற்கும் கீழே எப்போது சுட்டதோ தெரியாத சரக்கு. தேங்காய் சேர்ந்த பலகாரம் சீக்கிரம் காறும் என்று வீட்டில் சுடுகிற எல்லோருக்கும் தெரியும். சீப்புச்சீடையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோக முடியவில்லை. மணகோலத்தில் தேங்காய்ப்பல் மஞ்சளடித்து, சிக்கு வாடை. அதிரசத்தைப் பிட்டால் நடுவில் வெள்ளையாகப் பூசணம். பிள்ளைத்தாய்ச்சிக்கு வைக்க வேண்டிய பண்டம் ஐயா அது! வாங்கியதில் உருப்படியாக இருந்தது கவுனி அரிசி ஒன்றுதான். அது அவர் சுட்டதில்லையே.

உடனே போன் செய்தேன். “வெயிலுக்கு அப்படித்தான் சார் இருக்கும்” என்றார். காலையில் வாங்கி மாலையில் பிரித்தோம் என்றால், “பையன் மாத்தி அடைச்சிருப்பான், போட்டோ அனுப்புங்க” என்றார். அனுப்பினேன். பார்த்ததற்கு நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. இன்று காலை வேறு யாரோ எடுத்து, “முதலாளி கோயிலுக்குப் போயிருக்கார். ஆமா, பில் இருக்கா?” என்று கேட்கிறார். தம்பி என்று கூப்பிட்டு மோர் கொடுத்தவருக்கு 7,450 ரூபாய் வாங்கியதும் நான் சார் ஆகிவிட்டேன்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது நேரமில்லை. டின்னை அங்கேயே தட்டில் கொட்டிக் காட்டச் சொல்லுங்கள், அடி வரை பாருங்கள். வாசல் அடுப்பைப் பார்த்து மயங்காதீர்கள். கடைப் பெயர், தேதி, எடை போட்ட பில் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். சில்லறையாக விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடையில் எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபரிலிருந்து விதி. அந்தக் கடையில் ஒரு தட்டிலும் அப்படி ஒன்று இல்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் அடித்துப் புகார் கொடுத்தாயிற்று. பணம் அனுப்பிய ரசீது போனில் இருக்கிறது, 7,450 ரூபாயை விடப்போவதில்லை. அக்கா அதிரசத்துக்கு அரிசி ஊறப்போட்டுவிட்டாள், மாவு மில்லுக்கு நான்தான் போக வேண்டும்.