கிளைப் பிரதிநிதித் தேர்தலுக்கு ஓடிபி வாக்குப்பதிவுச் சேவை: எப்படி இருக்கிறது?

மணவாளக்குறிச்சி அருமண் ஆலை, நாகர்கோவில் கல்லூரிகள், ரப்பர் பால் ஆய்வுக்கூடங்கள் என்று வேதியியலாளர்கள் சிதறியிருக்கும் மாவட்டம் எங்கள் கன்னியாகுமரி. சங்கக் கிளைப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டுவது கஷ்டம். கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லை (ஓடிபி) வைத்து இருந்த இடத்திலிருந்தே வாக்களிக்கும் இந்தச் சேவை அதற்கு நன்றாகவே கைகொடுக்கிறது. யார் வாக்களித்தார் என்பது நிர்வாகிக்குத் தெரியும். யாருக்கு என்பது தெரியாது.

சிக்கல் உறுப்பினர் பட்டியலில்தான். நாட்டுக் குறியீடு 91 சேர்த்த 12 இலக்கக் கைப்பேசி எண்ணை எக்செல் 9.19E+11 என்பதுபோல் சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வி என்ற எளிய எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் போயே போச்சு. ஓடிபி ஒருவருக்கும் போகாது. எண்கள் வரும் நெடுவரிசையை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட்டு ஒட்டுங்கள். கணவன் மனைவி இருவரும் ஒரே எண்ணைக் கொடுத்திருந்தால் ஒரு வாக்கு அடிபடும். ஓர் உறுப்பினர் விடுபட்டாலும் அது குறைத் தேர்தல்தான்.

3 இடங்களுக்குத் தேர்தல் என்றால், ஒருவர் எத்தனை பேருக்கு வாக்களிக்கலாம் என்பதை ‘அதிகபட்சம் 3’ என்று வையுங்கள். ‘சரியாக 3’ என்றால் ஒருவரை மட்டும் ஆதரிப்பவரின் வாக்கை ஏற்காது. பேச்சிப்பாறைப் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வரும். 5 நிமிட ஓடிபி அங்கே காலாவதியாகிவிடும். 15 நிமிடம் கேட்டு வாங்குங்கள், மின்னஞ்சல் வழியையும் திறந்து வையுங்கள். சமவாக்கு வந்தால் குலுக்கலா மறுவாக்கா என்பதை மென்பொருள் சொல்லாது. தேர்தல் அறிவிப்பிலேயே எழுதிவிட வேண்டும்.